எட்ஜ்வுட் பள்ளி மாவட்டமும் கல்வி நிதி வழக்குகளும்

எட்ஜ்வுட், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ நகரின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு சிறிய பள்ளி மாவட்டம். அமெரிக்கப் பள்ளிகளின் நிதி பற்றிய வரலாற்றில் இதன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பொதுப் பள்ளியின் தரத்தை அது அமைந்த இடத்தின் நிலமதிப்பு தீர்மானிக்கலாமா என்ற கேள்வி இங்கிருந்துதான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நாம் அறிந்த வருவாய் மாவட்டம் போன்றதன்று. அதற்குத் தனி எல்லை உண்டு. மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு உண்டு. எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மீது சொத்து வரி விதிக்கும் உரிமையும் உண்டு. ஒரே நகருக்குள் இப்படிப் பல மாவட்டங்கள் அடுத்தடுத்து இருக்கலாம். 1960களில் சான் அந்தோனியோ பெருநகரப் பகுதியில் ஏழு இருந்தன. அவற்றுள் எட்ஜ்வுட் மிக ஏழ்மையானது. அலமோ ஹைட்ஸ் மிகச் செழிப்பானது.

மாணவர் வெளிநடப்பு

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்புகளை விட்டு வெளியேறி, மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளரின் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். உடைந்த சன்னல்கள், பழுதான கட்டடம், தகுதி பெற்ற ஆசிரியர் பற்றாக்குறை ஆகியவை அவர்களின் புகார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிக்க வழிவந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

பெற்றோர் முதலில் நிர்வாகத்தைத்தான் சந்தேகித்தனர். வந்த பணம் எங்கோ வீணாகிறது என்று நினைத்தனர். வழக்கறிஞர் ஆர்தர் காக்மன்தான் வேறொரு விளக்கம் சொன்னார். பணம் வீணாகவில்லை, வரவே இல்லை என்பது அவர் கருத்து. கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்துவந்த டெமெட்ரியோ ரோட்ரிகஸும் வேறு சில பெற்றோரும் அதே ஆண்டு ஜூலையில் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்.

இரு மாவட்டங்களின் கணக்கு

நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட 1967–68 கல்வியாண்டுக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எட்ஜ்வுட்டில் 25 பள்ளிகள், சுமார் 22,000 மாணவர்கள். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் மெக்சிக்க அமெரிக்கர், 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கறுப்பினத்தவர். அலமோ ஹைட்ஸில் ஆறு பள்ளிகள், சுமார் 5,000 மாணவர்கள். அங்கு மெக்சிக்க அமெரிக்கர் 18 விழுக்காடு. கறுப்பினத்தவர் ஒரு விழுக்காடுகூட இல்லை.

எட்ஜ்வுட்டில் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் அரிது. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அங்கு வரிக்குரிய சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் அது 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினர். அந்தப் பெருநகரப் பகுதியிலேயே மிக உயர்ந்த விகிதம் அதுதான். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். ஆனால் அந்தந்த வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்த தொகை எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில அரசின் அடிப்படை நிதியாவது இந்தப் பள்ளத்தை நிரப்பியதா என்றால், ஏழை மாவட்டத்துக்கு 222 டாலரும் பணக்கார மாவட்டத்துக்கு 225 டாலரும் போயின! கூட்டரசு நிதியையும் சேர்த்தால் மொத்தம் 356 டாலர், 594 டாலர்.

இதன் விளைவு வகுப்பறையில் தெரிந்தது. எட்ஜ்வுட்டில் ஓர் ஆசிரியருக்கு 26.5 மாணவர், அலமோ ஹைட்ஸில் 20.5. அடுத்த ஆண்டில் எட்ஜ்வுட் ஆசிரியர்களில் சுமார் 47 விழுக்காட்டினர் முழுத் தகுதிச் சான்று இல்லாமல் அவசர அனுமதியில் பாடம் நடத்தினர். அலமோ ஹைட்ஸில் அப்படிப்பட்டோர் 11 விழுக்காடு. ஊதிய வேறுபாடு இருக்கையில் இதில் வியப்பில்லை. பள்ளிகளைத் தேர்ச்சியின்படி வரிசைப்படுத்தும் பட்டியலில் இந்த விவரங்கள் எதுவும் தெரியாது.

1973 தீர்ப்பு

1971 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டரசு அமர்வு பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாநிலம் மேல்முறையீடு செய்தது. 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அதை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், ரிச்மண்ட் நகரப் பள்ளிக் குழுவின் தலைவராக இருந்தவர். கல்வி முக்கியமானதுதான், ஆனால் அது கூட்டரசு அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அன்று. தம் பள்ளிகளை உள்ளூர் மக்களே நடத்துவதற்கு இந்த நிதி முறை உதவுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். செலவு கூடினால் கல்வித் தரமும் கூடுமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை என்றும் அவர் சுட்டினார். 1966இல் வெளியான கோல்மன் அறிக்கைக்குப் பின் அந்த விவாதம் சூடாகவே இருந்தது.

மாற்றுத் தீர்ப்பு எழுதியவர்களில் தர்குட் மார்ஷலே அதிகம் பேசப்படுகிறார். எனினும் பைரன் வைட் போட்ட கணக்குத்தான் நேரடியானது. தம் வட்டாரத்தின் உச்ச வருவாயை எட்ட அலமோ ஹைட்ஸ் நூறு டாலருக்கு 68 சென்ட் விதித்தால் போதும், எட்ஜ்வுட் 5.76 டாலர் விதிக்க வேண்டும். சட்டம் அனுமதித்த உச்சவரம்போ 1.50 டாலர். அப்படியிருக்க, உள்ளூர் மக்களுக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட தேர்வு எங்கே என்பதுதான் அவர் கேள்வி. பெரும்பான்மைத் தீர்ப்பு இதற்கு நிறைவான பதில் தந்ததாகச் சொல்வது கடினம்.

மாநில நீதிமன்றத்தில்

கூட்டரசு வழி அடைபட்டதால் 1984இல் மாநில நீதிமன்றத்தில் புது வழக்கு தொடங்கியது. திறன்மிக்க இலவசப் பொதுப் பள்ளி முறையை ஏற்படுத்துவது சட்டமன்றத்தின் கடமை என்று டெக்சஸ் அரசியல் சட்டமே சொல்கிறது. இந்த முறை பிடி அதுதான். அதற்குள் ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பு எட்ஜ்வுட்டில் 38,854 டாலர், அலமோ ஹைட்ஸில் 5,70,109 டாலர் என்று இடைவெளி முன்னைவிட அகன்றிருந்தது. எல்லையோரத்து சான் எலிசாரியோ மாவட்டத்தில் வேதியியலும் இயற்பியலும் கற்பிக்கப்படவே இல்லை என்பதும் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. 1989 அக்டோபரில் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த நிதி முறை செல்லாது என்றனர். 1968இல் தொடக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் அப்போது முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர்.

சட்டமன்றம் கொண்டுவந்த முதல் மாற்றங்களையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1993இல்தான் செல்வ மாவட்டங்களின் உபரி வரியைப் பகிரும் ஏற்பாடு சட்டமானது. மக்கள் அதை 'ராபின் ஹூட்' திட்டம் என்று அழைத்தனர். 1995இல் நீதிமன்றம் அதை ஏற்றது. அலமோ ஹைட்ஸ் பணம் கொடுக்கும் பக்கத்தில் நின்றது.

பிந்தைய நிலை

பணத்தின் இடைவெளி குறைந்தபோதும் எட்ஜ்வுட்டின் சிக்கல் தீரவில்லை. வேலை தந்த கெல்லி தளம் 2001இல் மூடப்பட்டது. 2016இல் மாநிலக் கல்வித் துறை, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்குப் பதிலாகத் தானே ஒரு நிர்வாகக் குழுவை அமர்த்தியது. ரோட்ரிகஸ் 2013இல் காலமானார். 1968இல் 22,000ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. பெரும்பாலோர் இன்றும் குறைந்த வருமானக் குடும்பத்து ஹிஸ்பானிக் பிள்ளைகளே. டெக்சஸில் மாநில நிதி மாணவர் வருகைக் கணக்கைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்போதும் அந்தப் பிள்ளைக்கான தொகையும் மாவட்டத்தை விட்டுப் போகிறது.