ஓய்வுபெற்ற லைன்மேன்கள் திரும்பி வந்த டிசம்பர்

தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30-ஐ நம் ஊர் மறக்காது. பிரான்ஸிலுள்ள நம்மவர்கள் அந்த இருட்டைப் 12 ஆண்டு முன்பே பார்த்துவிட்டார்கள்.

1999 டிசம்பர் 26-இல் லோத்தார், மறுநாள் மாலை மர்த்தேன் என இரண்டு புயல்கள். சுமார் 35 லட்சம் வீடுகளில் கரண்ட் இல்லை, குளிர்காலம் வேறு. ஈ.டி.எஃப். மின் நிறுவனத்தில் ஓய்வுபெற்றவர்களும் வந்து கைகொடுத்தார்கள். பென்ஷன்காரனான எனக்குப் பிடித்த செய்தி இது.

லேசான வேலையா? அறுந்த கம்பியைச் சோதித்து, எர்த் செய்த பிறகே தொடவேண்டும். எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால், கம்பத்தில் இருப்பவர் உயிர் போகும்.

அந்த அனுபவத்தில்தான் 'ஃபீர்' என்ற அவசரப் படை பிறந்தது. மற்ற நாளில் அவரவர் ஊரில் வேலை. புயலென்றால் ஜெனரேட்டர், தளவாடங்களோடு கிளம்பிவிட வேண்டும்.