ஓர்க் குழந்தைகளை என்ன செய்வது?

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஒரு சின்னப் புத்தகம் உண்டு. கேரி கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்'. நாகரிகத்தின் எல்லையில் ஒரு கோட்டை. அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு பக்கச் சுவர்களிலும் குகைகள். ஒரு குகையில் கோபால்டுகள், இன்னொன்றில் ஓர்க்குகள், அடுத்ததில் கோப்ளின்கள். நாம் கோட்டையில் தங்கி, குகைகளுக்குப் போய், அடித்து, புதையலோடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கதை. தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்தே விற்றதால் ஒரு தலைமுறை முழுக்க இதில்தான் விளையாடக் கற்றுக்கொண்டது.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு குகையிலும் எத்தனை வீரர்கள், யாரிடம் என்ன ஆயுதம், எந்த மூலையில் எவ்வளவு காசு என்று பட்டியல் இருக்கும். கூடவே சண்டை போடாத பெண்களும் குட்டிகளும் எத்தனை என்றும் இருக்கும். கைகாக்ஸ் அதை யாரையும் உறுத்துவதற்காக எழுதியதாகத் தெரியவில்லை. குகை என்றால் அங்கே குடும்பம் இருக்கும், கணக்கு சரியாக வர வேண்டும், அதற்காக எழுதியிருப்பார். ஆனால் வாள் ஏந்தி உள்ளே போன பதினைந்து வயதுப் பையன் முன்னால் அந்த வரி ஒரு கேள்வியாக நின்றது. வீரர்கள் செத்தாகிவிட்டது. மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் இந்தக் குட்டிகளை என்ன செய்வது?

விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு பதில் இருந்தது. பிரச்சினையே அந்தப் பதில்தான்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு உயிருக்கும் 'அலைன்மெண்ட்' என்று ஒன்று உண்டு. அறச்சார்பு என்று வைத்துக்கொள்வோம். 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் நல்லது, கெட்டது என்ற சொற்கள் அறச்சார்பாக வரவில்லை. ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்று மூன்று பத்திகள் மட்டுமே. இது போல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவலிலிருந்தும் மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலிருந்தும் வந்த பிரிவு. மூர்காக்கில் ஒழுங்கு என்பது நன்மை அல்ல. அது முழுதாக வென்றாலும் உலகம் செத்துப்போகும். முதல் பதிப்பின் பட்டியலில் ஓர்க் நடுநிலையிலும் இருக்கிறது, குலைவிலும் இருக்கிறது. எந்தப் பக்கம் சேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத உயிர்.

அந்தக் கதவை மூடியதும் கைகாக்ஸ்தான். 1976இல் ஒரு கட்டுரையில் நன்மை-தீமை என்ற இரண்டாவது அச்சைச் சேர்த்தார். 1978க்குள் அது ஒன்பது கட்டங்களாக முழுமை பெற்றது. 1977இன் 'மான்ஸ்டர் மேனுவல்' ஒவ்வொரு இனத்தையும் ஒரு கட்டத்துக்குள் வைத்தது. ஓர்க்குக்குக் கிடைத்த கட்டம் ஒழுங்கான தீமை. ஒரு தனி ஓர்க்குக்கு அல்ல, ஓர்க் என்ற இனத்துக்கே. குட்டி பிறக்கும்போதே அதன் கட்டமும் நிரப்பப்பட்டிருக்கும்.

கோலாலம்பூரில் சனிக்கிழமை இரவுகளில் மாமாக் கடையில் தே தாரிக் வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் பகடை உருட்டுகிறோம். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது பாத்திரத்தாளை நிரப்பச் சொல்வோம். பெயர், இனம், தொழில், அறச்சார்பு. ஒருமுறை ஒரு தோழி 'இனம்' கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "இங்கயுமா? 'லாயின்-லாயின்' போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். இந்த நாட்டில் பள்ளிப் பாரத்திலிருந்து நிரப்பி நிரப்பிப் பழகிய கட்டம் அது. அமெரிக்கப் பையனுக்கு அது ஒரு விளையாட்டு விதி. நமக்கு அப்படிக் கடந்துபோக முடிவதில்லை. இனத்தைச் சொன்னால் குணம் தெரிந்துவிடும் என்று நம்புகிற ஆட்களோடு நாம் தினமும் வேலை செய்கிறோம், சில நேரம் நாமே அந்த ஆட்களாகவும் இருக்கிறோம்.

இந்தக் கேள்வியை மேசை விளையாட்டுக்காரர்கள் பல வருடம் வாயால் அடித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு உருப்படியாக முகம் கொடுத்தது ஒரு கணினி விளையாட்டு. ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா'. அதை வரலாறாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஏனென்றால் 1985, 1988, 1990 என்று மூன்று விளையாட்டுகளில் ஒரு மனிதர் தன்னுடைய அறத்தைத் தானே கட்டி, தானே வளைத்து, தானே எதிர்க்கேள்வி கேட்டிருக்கிறார். இப்படி ஒரு தொடரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேரியட் டெக்சாஸில் வளர்ந்தவர். அப்பா ஓவன் கேரியட் 1973இல் ஸ்கைலேப்பில் தங்கிய விண்வெளி வீரர். பையன் பள்ளிப் பருவத்திலேயே டஞ்சன்ஸ் விளையாடி, அதைக் கணினியில் ஏற்ற முயன்றான். முதல் மூன்று அல்டிமாக்களும் வழக்கமான வகை. கெட்ட மந்திரவாதி ஒருவரைக் கொல்ல வேண்டும், போகும் வழியில் கடையில் திருடலாம், ஊர்க்காரனைக் கொன்று காசு எடுக்கலாம். சொல்லப்போனால் அப்படிச் செய்தவர்கள்தான் சீக்கிரம் ஜெயித்தார்கள். மூன்றாவது பாகத்துக்குப் பிறகு ரசிகர்களின் கடிதங்களும் கோபப்பட்ட பெற்றோர்களின் கடிதங்களும் நேரடியாக அவர் கைக்கு வரத் தொடங்கின. அவற்றைப் படித்தபோதுதான் தான் உருவாக்கிய உலகத்தில் 'நாயகன்' என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது அவருக்கு உறைத்திருக்கிறது.

அதிலிருந்து வந்ததுதான் 1985இன் 'அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்'. இதில் கொல்ல வேண்டிய பெரிய வில்லன் கிடையாது. எட்டு அறங்களில் தேறி 'அவதார்' ஆவதுதான் இலக்கு. அந்தச் சொல்லை இந்து மதம் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து எடுத்ததாகக் கேரியட் சொல்லியிருக்கிறார். நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். அவதாரம் என்றால் இறங்கி வருவது. இவரோ ஒரு சாமானியனைப் படி ஏற்றி ஏற்றி அவதாரம் ஆக்குகிறார். போதாததற்கு ஆன்மிகத் தலத்துக்கு உரிய மந்திரம் 'ஓம்'.

என் படிப்புப் புத்தி இதில் ரசித்தது வேறொன்று. உண்மை, அன்பு, துணிவு என்று மூன்று மூலக் கொள்கைகள். உண்மை மட்டும் என்றால் நேர்மை. அன்பு மட்டும் என்றால் கருணை. துணிவு மட்டும் என்றால் வீரம். உண்மையும் அன்பும் சேர்ந்தால் நீதி, அன்பும் துணிவும் சேர்ந்தால் தியாகம், உண்மையும் துணிவும் சேர்ந்தால் மானம். மூன்றும் சேர்ந்தால் ஆன்மிகம். மூன்றும் இல்லாத இடத்தில் செருக்கு, அதற்கு எதிர்ப்பதமாகப் பணிவு. மூன்று பிட், எட்டு சாத்தியம். மின்னணுவியல் முதலாண்டில் போடுகிற உண்மை அட்டவணை அப்படியே ஒரு அறநூலாகியிருக்கிறது.

விளையாட்டு நம்மைக் கண்காணிக்கும் விதமும் அப்படித்தான். மூலிகை விற்பவர் பார்வையற்றவர். எவ்வளவு காசு கொடுக்கிறோம் என்று நாமே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், எந்த எச்சரிக்கையும் வராது. பல மணி நேரம் கழித்துத் தலத்தில் போய் நிற்கும்போதுதான் நேர்மை பாழாகியிருப்பது தெரியும். 1985இல் இது பெரிய பாய்ச்சல். ஆனால் ஓட்டையும் உடனே தெரிந்தது. பிச்சைக்காரருக்கு ஒரு காசு போட்டால் கருணை ஏறும். ஆகவே கருணை வேண்டியவன் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு காசாகப் போட்டுக்கொண்டிருந்தான். அறம் கணக்குப்புத்தகமாகிவிட்டது.

இதைக் கேரியட் உணர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு 1988இன் ஐந்தாம் பாகமே சாட்சி. மன்னர் லார்ட் பிரிட்டிஷ் பாதாளத்தில் காணாமல் போகிறார். பொறுப்பேற்ற பிளாக்தார்ன் அதே எட்டு அறங்களையும் சட்டமாக்குகிறார். பொய் சொன்னால் நாக்கு போகும். வருமானத்தில் பாதியைத் தானம் செய்யாவிட்டால் வருமானமே இருக்காது. போன விளையாட்டில் நாம் முட்டி மோதி அடைந்த அதே அறங்கள்தான், ஒரு சொல்லும் மாறவில்லை. பிளாக்தார்னிடம் பிடிபட்டால் அவர் ஒரு தலத்தின் மந்திரத்தைக் கேட்பார். சொன்னால் தலம் அழியும். சொல்லாவிட்டால் நம் தோழர் ஒருவர் நம் கண்முன் வெட்டுப்படுவார், திரும்ப வரவே மாட்டார். சரியான விடை என்று ஒன்று அங்கே வைக்கப்படவில்லை.

அந்தப் பாகத்தில்தான் கூண்டுக் குழந்தைகள் அறையும் இருக்கிறது. நிலவறையில் ஓர் அறை, கூண்டுகளில் குழந்தைகள். திறந்துவிட்டால் நம்மையே தாக்கும். விளையாட்டைச் சோதித்தவர் கொதித்துப்போய்ப் புகார் எழுத, நிறுவனத்தைச் சேர்ந்து நடத்திய அண்ணன் ராபர்ட்டே அதை நீக்கச் சொன்னார். பெற்றோரும் சொன்னார்கள். கேரியட் மறுத்தார். கொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, தூங்க வைக்கலாம், பயமுறுத்தி விரட்டலாம், கூண்டைத் திறக்காமலே போகலாம் என்பது அவர் வாதம். ஒரு சதுரப் படம் ஒரு மனிதரை இவ்வளவு கலங்க வைக்கிறதென்றால் வேலை நடந்திருக்கிறது என்று அவருக்கு மகிழ்ச்சி வேறு. 1979இன் குகையில் ஒரு வரியாகக் கிடந்த குட்டிகள் இங்கே திட்டமிட்டே நம் முன் நிறுத்தப்படுகிறார்கள். ஆனாலும் எனக்கு இந்த அறை ஒரு தந்திரமாகத்தான் படுகிறது. அந்தக் குழந்தைகள் யார், எதற்காகத் தாக்குகிறார்கள் என்று எதுவும் இல்லை. அதிர்ச்சி இருக்கிறது, ஆள் இல்லை.

ஆள் வந்தது 1990இல். 'அல்டிமா 6: தி ஃபால்ஸ் ப்ராஃபெட்'. தொடக்கத்திலேயே கொம்பும் இறக்கையும் வைத்த சிவந்த உருவங்கள் நம்மைப் பலிபீடத்தில் கட்டி வைத்திருக்கின்றன. கார்காயில்கள். நம் தலங்களைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். மீட்க வேண்டும். பாதி விளையாட்டு வரைக்கும் இது பழைய கதைதான். அவர்களின் மொழியைக் கற்று அவர்கள் நாட்டுக்குப் போகும்போது கதை புரள்கிறது. அவர்களுக்கும் மூன்று மூலக் கொள்கைகள் இருக்கின்றன: கட்டுப்பாடு, வேட்கை, உழைப்பு. அதிலிருந்து கிளைக்கும் அறங்களும், அவற்றுக்குத் தலங்களும் இருக்கின்றன. அவர்களிடம் ஒரு தீர்க்கதரிசனமும் உண்டு. பொய்த் தீர்க்கதரிசி ஒருவன் வருவான், புனித நூலைத் திருடுவான், நம் உலகம் அழியும். அந்த நூல் நான்காம் பாகத்தின் முடிவில் நாம் வெற்றிப் பரிசாக அடைந்த அதே ஞானநூல். அது வந்த பிறகுதான் அவர்களுடைய நிலம் சரியத் தொடங்கியிருக்கிறது.

ஐந்து வருடம் முன்பு வாங்கிய விளையாட்டில் செய்த நல்ல காரியம் இப்போது குற்றப்பத்திரிகையாகத் திரும்பி வருகிறது. அப்போது திருடாமல், பொய் சொல்லாமல், பிச்சைக்காரருக்குக் காசு போட்டு அடைந்த புத்தகம்! கம்பன் கழக மேடைகளில் வாலி வதத்தை வைத்து எத்தனை வழக்காடு மன்றம் கேட்டிருப்போம். அவதாரத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் உரிமையை அம்பு பட்டவனுக்குக் கொடுத்தது நம் காவியம். கேரியட்டுக்கு வாலியைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் 'அவதார்' என்ற பெயரை எடுத்துக்கொண்டவர், அடிபட்டவன் கேட்கும் கேள்விக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்.

இன்று 'சாம்பல் நிற அறம்' என்று விற்கப்படும் பல கற்பனை உலகங்களில் எல்லாரும் கெட்டவர்கள், எல்லாரும் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், அவ்வளவே. யாரும் நல்லவர் இல்லை என்று சொல்வது சுலபம், அதில் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. ஆறாம் பாகம் தன் எட்டு அறங்களில் ஒன்றைக்கூடக் கிண்டல் செய்யவில்லை. அவை உண்மையான அறங்கள்தான், நாம் அவற்றில் உண்மையாகவே தேறியவர்கள்தான், இருந்தும் பூமிக்கு அடியில் ஒரு இனம் செத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. கார்காயில்களில் இறக்கை உள்ளவர்கள் அறிவாளிகள், இறக்கை இல்லாதவர்கள் பேசக்கூடத் தெரியாத உழைப்பாளிகள். பிறப்பால் குணம் என்பதை உடைக்க வந்த கதை, உடைத்த இடத்திலேயே அதை மறுபடி கட்டி வைத்திருக்கிறது. விளையாட்டு அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மேசை விளையாட்டு இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. 2004இல் கீத் பேக்கரின் 'எபரான்' உலகத்தில் கோப்ளின்களுக்கு மனிதர்களுக்கு முந்தைய ஒரு பேரரசின் வரலாறு கிடைத்தது. ஓர்க்குகள் உலகத்தைக் காத்த மரபுக்காரர்கள் ஆனார்கள். டிராகனின் நிறத்தைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்ல முடியாது என்றும் ஆனது. 2020 ஜூனில்தான், ஓர்க்குகளையும் டிராவ்களையும் மற்றவர்களைப் போலவே சிக்கலான மக்களாகக் காட்டப்போவதாக வெளியீட்டாளர்களே அறிவித்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "எதிரின்னு ஒருத்தன் வேணும்ல?" என்று எங்கள் மேசையிலும் ஒருவர் கேட்டார். வேண்டும்தான். ஆனால் அந்த எதிரி எதையாவது செய்துதான் எதிரியாக வேண்டும், பிறந்ததனால் ஆகக்கூடாது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஓர்க் வந்தால் முதல் அம்பு அவருடையதுதான்.

ஆறாம் பாகத்தில் போர் ஒன்றும் முடிவு தரவில்லை. ஞானநூல் யாருக்கும் சொந்தமில்லாத வெளிக்கு அனுப்பப்படுகிறது. மனிதர்கள் செய்தது ஒன்று, கார்காயில்கள் செய்தது ஒன்று என்று இரண்டு வில்லைகள் வழியாக இரு தரப்பும் அதை அங்கிருந்தே படிக்கலாம். 1992இல் வந்த ஏழாம் பாகம் 200 வருடங்களுக்குப் பிறகு நடக்கிறது. வெஸ்பர் என்ற ஊருக்குப் போனால் மனிதர்கள் ஒரு பக்கம், கார்காயில்கள் ஒரு பக்கம். இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். நாம் எல்லாரிடமும் பேசிப் பார்க்கலாம். அந்த ஊரை ஒன்றாக்குவதற்கு விளையாட்டில் எந்தப் பணியும் வைக்கப்படவில்லை.