வாக்குத்தத்தம்

வாக்கு, தத்தம் என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை இது. தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. தத்துப்பிள்ளையில் இருப்பதும் இதே சொல்தான். நீர் வார்த்துக் கொடுக்கும் கொடைக்கும் தத்தம் என்றே பெயர். வடமொழியில் நிச்சயிக்கப்பட்ட மணப்பெண் 'வாக்தத்தா'. ஆக, சொன்ன சொல்லே கொடுத்த பொருளாகிவிடுகிறது. 'உறுதிமொழி'யில் இந்த அழுத்தம் கிடைப்பதில்லை.

இன்று இது பெரும்பாலும் கிறிஸ்தவர்களின் சொல். மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது; சீர்திருத்தச் சபைகளின் வேதத்தமிழ் அங்கே வேர்விட்டது. கத்தோலிக்கர் கையிலுள்ள 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'வாக்குறுதி' என்றே எழுதும்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் பல சபைகளில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். படித்துப் பார்த்துவிட்டு வேதாகமத்துக்குள் செருகிக்கொள்வது வழக்கம். 91ஆம் சங்கீதம் வந்தால் தனி மகிழ்ச்சி. விடுதலையைச் சொல்லிவந்து, கடைசியான 16ஆம் வசனத்தில் நீண்ட ஆயுளையும் இரட்சிப்பையும் அது சேர்த்துத் தருகிறது. நிறைவைக் குறிக்க அங்கே வரும் எபிரேய வினை, வயிறார உண்டு பசியாறுவதற்கும் வழங்குவது.