சாடியில் விளைந்த நெல்

எங்கள் திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கத்தின் பழம்பெயர் செங்கண்மா. அதனை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாத்தில், மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேன்கள்ளைப் பெறலாம். நெல்லிலிருந்து கள் சமைத்த முறையோ, பத்துப்பாட்டின் மற்றொரு பாட்டாகிய பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அது கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சித் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடியது.

அந்தச் சில வரிகளை வகுப்பில் நான் விளக்கியதே இல்லை. கள்ளைப் பற்றிய செய்தி மாணவர்க்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ஆக்கிய கூழில் அடையை ஏன் கலந்தார்கள்?" என்று வினவினான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "தேர்வுக்கு வராது, உட்கார்" என்றேன்.

புலவர் கூறுவது இதுதான். வலைஞர் குடியினர் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றினர். புற்றாஞ்சோற்றைப் போன்ற தோற்றமுடைய நல்லடையை அதில் கலந்தனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அளித்தனர்.

அடை என்பது நெல்முளையை இடித்துச் செய்ததென உரை கொள்வர். அங்கேதான் விடை இருக்கிறது. பனஞ்சாற்றில் இனிப்பு இயல்பாகவே உண்டு; ஆதலால் அது தானே புளிக்கும். அரிசியில் இருப்பதோ மாவுப்பொருள். கள்ளாக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரால் அதனை நேரே உண்ண இயலாது. முளைத்த நெல்லில் தோன்றும் நொதி மாவைச் சர்க்கரையாக மாற்றிய பின்னரே அது தன் வேலையைத் தொடங்கும்.

வியட்நாம் மக்கள் இதே தடையை வேறு வழியில் கடந்தனர். அரிசிமாவும் மூலிகையும் சேர்த்துப் பிசைந்து, பூஞ்சையும் ஈஸ்ட்டும் படரவிட்டு உலர்த்திய உருண்டைக்கு 'மென்' என்று பெயர். அதைப் பொடித்து, ஆறிய சோற்றில் தூவுவர். முளையின் வேலையை அங்கே பூஞ்சை செய்கிறது. அந்நாட்டு மலைமக்கள் சாடியைச் சூழ்ந்து அமர்ந்து, நீண்ட குழல்களால் உறிஞ்சிப் பருகுவர்.

நம் வீடுகளில் இரவு நீரூற்றி வைக்கும் பழைய சோறு வேறு வகை. அதில் நுண்ணுயிர்கள் முதன்மையாகப் புளிப்பைத் தருகின்றன, மயக்கத்தை அன்று. என் அன்னையார் விடியலில் அதனைப் பிழிந்து, உப்பும் மோரும் சேர்த்துத் தருவார். அதனை உண்டே நான் பள்ளிக்குச் சென்றேன்.

இந்த விடையைக் கற்று முடிக்கும்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். கேட்ட மாணவன் எந்த ஊரில் இருக்கிறானோ! வானொலியின் அருகில் இருந்தால், அவனுக்கு நான் செலுத்தவேண்டிய விடை இது.