யார் கூற்று? – திரையில் நிறம் பெற்ற எழுத்தின் வரலாறு

குறுந்தொகையைப் புரட்டும் எவரும் பாடல்களோடு ஒரு சிறு குறிப்பு இணைந்திருக்கக் காண்பர். தலைவி கூற்று என்றும், தோழி கூற்று என்றும், செவிலி கூற்று என்றும் அது பேசுபவரைச் சுட்டும். அக்குறிப்பு இல்லாவிடின் அதே சொற்கள் வேறு பொருள் தந்து நம்மை மயக்கக்கூடும். தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்றும் ஒன்று, கேட்போரும் ஒன்று. சொல்லப்பட்டது யாது என்பதோடு, சொன்னவர் யார் என்பதனையும் அறிந்தாலன்றிப் பொருள் முற்றுப்பெறாது என்பது நம் முன்னோர் கண்ட முடிவு.

இதே கேள்வி கடந்த நூற்றாண்டில் தொலைக்காட்சித் திரையின் முன்னும் எழுந்தது. அதனை எழுப்பியோர் காது கேளாதோர். நாம் வாழும் இப்பிரித்தானியாவில் அதற்குக் கிடைத்த விடை நிறம். சப்டைட்டில் எனப்படும், திரையின் அடியில் வரும் அவ்வெழுத்துகள் சில வேளை மஞ்சளாகவும், சில வேளை பச்சையாகவும் தோன்றுவதை நம்மவர் பலர் பார்த்திருப்பர். அவை ஏன் அங்ஙனம் தோன்றுகின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

பேசாப்படக் காலத்தில் காது கேட்போரும் கேளாதோரும் திரையின் முன் சமமாக அமர்ந்திருந்தனர். காட்சிகளுக்கிடையே வந்த எழுத்து அட்டைகள் இரு சாராருக்கும் பொதுவானவை. 1927 இல் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியாயிற்று. அதன் பின் பேசும்படம் பரவிய சில ஆண்டுகளுக்குள் அவ்வட்டைகள் மறைந்தன. உலகம் கொண்டாடிய புதுமை, ஒரு சாராரிடம் ஏற்கெனவே இருந்ததைப் பறித்துக்கொண்டது. கியூபாவிற் பிறந்தவரும், பேசாப்படங்களில் நடித்தவருமான எமர்சன் ரொமேரோ காது கேளாதவர். அவர் 1947 இல் பேசும்படச் சுருளை வெட்டி, இடையிடையே எழுத்து அட்டைகளைத் தாமே ஒட்டிக் காட்டினார். இத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியாக, 1958 இல் காது கேளாதோருக்கு எழுத்துடன் கூடிய படங்களை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது.

தொலைக்காட்சியில் விடிவு வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1972 இல் பொஸ்ரன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, ஜூலியா சைல்ட் என்னும் அம்மையாரின் சமையல் நிகழ்ச்சியை எழுத்துடன் ஒளிபரப்பிற்று. அவ்வெழுத்து எல்லார் திரையிலும் தெரிந்தது. வேண்டியவர் மட்டும் காணக்கூடிய மறைந்த எழுத்து 1980 மார்ச் 16 அன்று அங்கு முறையாகத் தொடங்கியது. ஆயின் அதனைக் காண ஏறத்தாழ 250 டொலர் விலையுள்ள தனிப் பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. 1990 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக, 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் அளவுடைய தொலைக்காட்சிப் பெட்டிகளிலேயே அவ்வசதி பொருத்தப்பட வேண்டும் என்றாயிற்று.

பிரித்தானியாவின் பாதை வேறு. பி.பி.சி. பொறியியலாளர் காது கேளாதோருக்குத் திரையில் எழுத்தைத் தருவது எங்ஙனம் என ஆராய்ந்தனர். தொலைக்காட்சி அலையில் படத்திற்குப் பயன்படாத சில வரிகள் வெறுமையாகச் செல்வதையும், அவற்றில் பக்கம் பக்கமாக எழுத்தை அனுப்பலாம் என்பதையும் அவர்கள் கண்டனர். இங்ஙனம் பிறந்ததே 1974 செப்டெம்பரில் தொடங்கிய சீஃபக்ஸ் சேவை. செய்தி, காலநிலை, விளையாட்டு என நாட்டு மக்கள் எல்லோரும் பயன்படுத்திய அச்சேவையின் வித்து காது கேளாதோரின் தேவை என்பது மறக்கத்தக்கதன்று. 1979 இல் பி.பி.சி.யின் சப்டைட்டில் அதனூடே வரலாயிற்று. பின்னர் 888 என்னும் பக்க எண் அதற்குரிய அடையாளமாயிற்று.

இனி நிறத்தின் கதைக்கு வருவோம். திரையில் இருவர் உரையாடுகின்றனர். ஒருவர் முதுகைக் காட்டி நிற்கிறார். அல்லது அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வருகிறது. கேட்பவன் குரலால் ஆளை அறிவான். கேளாதவன் எதனால் அறிவான்? அமெரிக்கர் வெள்ளெழுத்தையே பெரிதும் கையாண்டனர். பேசுபவருக்கு அருகே எழுத்தை நகர்த்தியும், ஆள் மாறும்போது இரட்டை அம்புக்குறி இட்டும், பெயரை எழுதியும் அவரை உணர்த்தினர். பிரித்தானிய முறையிலோ எழுத்துக்கு ஏழு நிறங்கள் கிடைத்தன. சவுதம்ரன் பல்கலைக்கழகத்தில் அலன் நியூவெல் முதலியோர் 1970களில் தொடங்கிய ஆய்வுகள், இவ்வெழுத்தை எவ்வாறு அமைத்தல் தகும் என்பதற்கு வழிகாட்டின.

ஏழு நிறம் இருந்தும் பேச்சுக்கு நிலைபெற்றவை நான்கே: வெள்ளை, மஞ்சள், சயான் எனப்படும் பசுநீலம், பச்சை. கறுப்புப் பின்னணியில் நீலமும் சிவப்பும் கண்ணுக்கு எளிதில் புலப்படா என்பதே காரணம். நாடகத்தில் மிகுதியாகப் பேசும் மூவருக்கு மஞ்சள், பசுநீலம், பச்சை ஆகியன வழங்கப்படும். ஏனையோர் வெள்ளையைப் பகிர்ந்துகொள்வர். ஒருவருக்குக் கொடுத்த நிறம் கூடியவரை இறுதிவரை மாறாது. பார்ப்பவரும் சில நிமிடங்களில் 'மஞ்சள் இவர், பச்சை அவர்' என மனத்திற் பதித்துக்கொள்வார். பெயரை எழுதினால் இடமும் நேரமும் செலவாகும். நிறம் பெரும்பாலும் இரண்டையும் மிச்சப்படுத்திற்று.

இவ்வசதி காது கேளாதோர்க்கு மட்டும் பயன்பட்டதன்று. 2006 இல் பிரித்தானியத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று நிறுவனமான ஒவ்கொம் வெளியிட்ட கணக்கின்படி, சப்டைட்டிலைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 75 இலட்சம் பேர். அவர்களுள் 60 இலட்சம் பேருக்குச் செவிக் குறை எதுவும் இல்லை. இந்நாட்டு ஆங்கிலம் ஏட்டில் விளங்கி, பேச்சில் விளங்காது தவித்த அகதிக் குடும்பத்தவர்க்கு இத்தொகை வியப்பளிக்காது. நாம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள். எனினும் இங்கு வந்த புதிதில் அண்டை வீட்டாரின் பேச்சு நம் செவியில் ஏறவில்லை. 888 ஐ அழுத்திவிட்டு நாடகம் பார்த்தே அவ்வோசையைப் பழகினோம்.

2008 இல் பி.பி.சி. தன் முதன்மை அலைவரிசைகளின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் சப்டைட்டில் வழங்கும் நிலையை எய்தியது. 2012 ஒக்ரோபரில் சீஃபக்ஸ் ஓய்ந்தது. ஆயின் அது வழக்கப்படுத்திய நான்கு நிறங்கள் ஓயவில்லை. இணையத்தில் பி.பி.சி. தரும் காணொளிகளிலும் அதே வெள்ளை, மஞ்சள், பசுநீலம், பச்சையே வருகின்றன.

இணையக் காணொளி இன்று எல்லோர் கையிலும் உள்ளது. 2009 இல் யூரியூப் ஆங்கிலப் பேச்சைப் பொறியே கேட்டு எழுதும் வசதியை அறிமுகப்படுத்திற்று. ஆனால் அப்பொறி தொடக்கத்தில் சொல்லை எழுதியதேயன்றிச் சொன்னவரைப் பிரித்துக் காட்டவில்லை. எல்லாக் குரலும் ஒரே வெள்ளை வரியாய் ஓடின. கூற்று மறுபடியும் தொலைந்தது.

இது நமக்கு ஏன் முக்கியம்? அண்மையில் ஒரு வீட்டில் பதிவு செய்யப்பட்ட காணொளி ஒன்றைக் கண்டோம். ஊரைவிட்டு வெளியேறிய நாளைப் பற்றி ஒரு மூதாட்டியும் அவர்தம் மகனும் மாறி மாறிக் கூறுகின்றனர். இடையிடையே ஒருவர் வினவுகிறார். தமிழை வாசிக்க அறியாத பேரப்பிள்ளைகளுக்காக அடியில் ஆங்கில எழுத்தும் இட்டிருந்தனர், யாவும் வெள்ளை. வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பைக் கிணற்றடியில் வைத்ததாக ஒரு வரி. 'இதைச் செய்தது அம்மம்மாவா, மாமாவா?' என்று பேத்தி கேட்டாள். குரல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால் நமக்கும் தெளிவில்லை. மகனைக் கேட்டோம். அவரும் சற்றே தயங்கினார். மூதாட்டி இன்று இல்லை.

சாட்சியத்திற்கு உயிர் சாட்சியின் பெயர். அது கழன்றுவிடின் எஞ்சுவது வெறும் செய்தி. நம் முதியோர் பலர் பேசக்கூடிய நிலையில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் பலருக்குச் செவி மந்தமாகி வருகிறது. இளையோருள் பலருக்குத் தமிழ் மந்தமாகி வருகிறது. இரு சாராருக்கும் எழுத்து வேண்டும். அவ்வெழுத்தில் ஆள் தெரிய வேண்டும்.

செய்முறை கடினமானதன்று. பேச்சை எழுதும்போதே, சொன்னவர் நம்முடன் இருக்கையில், யார் சொன்னது என்பதனை உறுதி செய்துகொள்ளுங்கள். முதன்மையாகப் பேசுபவருக்கு மஞ்சள், அடுத்தவருக்குப் பசுநீலம், வினவுபவருக்கு வெள்ளை எனக் கொண்டு இறுதிவரை மாற்றாதிருங்கள். பின்னணி கறுப்பாக இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. வட ஐரோப்பிய வழியினரான ஆண்களுள் ஏறத்தாழ பன்னிருவரில் ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறையுண்டு. நம்மவரிலும் அத்தகையோர் உளர். சில இணையத் தளங்கள் எழுத்துக் கோப்பில் நாம் குறித்த நிறத்தைக் காட்டாமலும் விடுகின்றன. ஆதலின் ஒருவர் முதன்முறை பேசும்போதும், குழப்பம் நேரும் இடங்களிலும் அவர் பெயரையும் எழுதிவிடுங்கள்.

பாடலைத் தொகுத்த நம் முன்னோர் கூற்றையும் உடன் காத்தமையாலேயே தலைவியின் சொல் தலைவியின் சொல்லாக நம்மை வந்தடைந்தது. அம்மூதாட்டியின் திறப்பு யார் கையால் வைக்கப்பட்டது என்பதனை இனி எவரிடமும் கேட்க இயலாது. மற்ற வீடுகளில் கேட்க இன்னும் காலம் உண்டு.