பள்ளி மலை ஏறட்டும்

திருநாவலூரில் பிறந்த சுந்தரரை நரசிங்க முனையரையர் பெற்றோரிடம் கேட்டுப் பெற்றுத் தம் அன்பு மகனாக வளர்த்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அரசச் செல்வத்தினிடையே வளர்ந்தும், அப்பிள்ளை தன் குலமரபு வழுவாமலே வளர்ந்ததைச் சேக்கிழார் குறிப்பிடத் தவறவில்லை. பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைக்கையில் எழும் இரு கேள்விகள் இதில் அடங்கியுள்ளன. பெற்றோர் மனமுவந்து இசைந்தனரா? பிள்ளை தன் மரபை இழக்காமல் வளர்ந்ததா?

இவ்வூருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் இக்கேள்விகள் இன்றும் எழுகின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்களது வழிவழிக் கதை. 1976இல் அரசு ஏற்கும்வரை அம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அத்தகைய மலையில் கல்விக்கு அரசு கண்ட முக்கிய வழி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி.

அதற்குக் காரணங்கள் இருந்தன. சிற்றூர்கள் சிதறிக் கிடந்தன. சமவெளி ஆசிரியர் நாள்தோறும் மலையேறி வருவது அரிதாயிருந்தது. கூலி தேடிப் பெற்றோர் வெளிமாநிலம் செல்லும் மாதங்களில், பிள்ளைக்குச் சோறும் கூரையும் தந்தது விடுதியே. இந்நன்மையை நாம் மறைக்கலாகாது.

ஆயினும் உலக வரலாறு நம்மை எச்சரிக்கிறது. அமெரிக்காவில் 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு, யூட் முதலிய பழங்குடிகளின் பிள்ளைகள் தொலைதூர விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை கிடைத்தது. 1928இல் வெளியான மெரியம் அறிக்கை அவ்விடுதிகளின் அவலத்தைக் காட்டி, பிள்ளைகள் வீட்டிலிருந்தே சென்று படிக்கும் பகற்பள்ளிகளை ஆதரித்தது. கனடாவில் ஒன்றரை இலட்சம் பிள்ளைகள் பயின்ற உறைவிடப் பள்ளிகளுள் பலவற்றைக் கத்தோலிக்கத் துறவற சபைகளே நடத்தின. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கு சென்று மன்னிப்புக் கேட்டார்.

நம் விடுதிகளை அவற்றோடு ஒப்பிடுவது நீதியன்று. இங்கு வன்முறையாகப் பிள்ளை பறிக்கப்படவில்லை, மொழியும் வேறன்று. ஆனால் ஆறு வயதுக் குழந்தை சாமையும் தினையும் விளையும் தன் கொல்லையையும் பாட்டியின் கதைகளையும் விட்டுப் பிரிவது சிறிய இழப்பா? மூத்தோர் அறிந்த மூலிகையின் பெயரைப் பாடநூல் கற்பிக்காது.

இன்று துலாக்கோல் சற்றே சாய்ந்துள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டிய விதிகள், தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும் என்கின்றன. 1982இல் வந்த சத்துணவுடன், 2022இல் தொடங்கிய காலை உணவும் சேர்ந்துள்ளது. ஆகவே உணவுக்காக மட்டும் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் தேவை குறைந்துள்ளது. எஞ்சி நிற்பது ஆசிரியரே. மலையிலேயே பிறந்து படித்தவர்கள் அப்பணிக்கு வந்தால் அக்குறையும் நீங்கும்.

எனவே தொடக்கக் கல்வி பிள்ளையின் ஊரிலேயே அமையட்டும். பத்துப் பிள்ளைகளே இருப்பினும் பள்ளி திறக்கட்டும். மேல்வகுப்புகளுக்கும், பெற்றோர் புலம்பெயரும் மாதங்களுக்கும் விடுதி துணைநிற்கட்டும். இயேசுவும் நாசரேத்தூரில் தம் பெற்றோரின் நிழலில்தான் ஞானத்தில் வளர்ந்தார். தொலைவைக் கடக்கும் பாரத்தைச் சிறு கால்கள்மேல் சுமத்தாமல் நாமே ஏற்போமாக.