டிராக்டர் என்ஜினில் ஒரு ஹெட் மட்டும் அதிகம் சூடாகிறதா? கண்டறியும் முறைகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் முக்கியப் பயிர்கள். புரட்டாசி மழையின் ஈரம் காய்வதற்குள் உழவும் விதைப்பும் முடிய வேண்டும். அந்த நேரத்தில் என்ஜின் ஹெட்டில் விரிசல் விழுந்தால், பழுதுச் செலவோடு விதைப்புப் பருவமும் கைநழுவிப் போகும்.

சில டிராக்டர்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட் இருக்கும். டேஷ்போர்டு மீட்டர், சென்சார் உள்ள இடத்தின் வெப்பத்தை மட்டுமே காட்டும். எனவே முள் பச்சையில் நிற்கும்போதே ஒரு ஹெட் மட்டும் கொதித்துக் கொண்டிருக்கலாம்.

அளப்பது எப்படி?

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் நீர்மட்டத்தைச் சரிபார்க்கவும். அரை மணி நேரம் உழவு செய்தபின் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும் நிலையிலேயே தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு ஹெட்டிலும் ஒரே மாதிரியான இடத்தில் அளக்கவும். பளபளக்கும் உலோகத்தில் அளவு தவறும். பெயிண்ட் உள்ள இடமே சரி. சைலன்சர் குழாய் அருகே அளக்கக் கூடாது.

சில டிகிரி வேறுபாடு இயல்பானது. ஒரே ஹெட் தொடர்ந்து 10 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால் காரணம் தேட வேண்டும்.

அறிகுறியும் காரணமும்

1. எல்லா ஹெட்டும் சூடு: ரேடியேட்டரில் சோளச் சருகும் தூசியும் அடைப்பு, ஃபேன் பெல்ட் தளர்வு, தெர்மோஸ்டாட் அல்லது வாட்டர் பம்ப் பழுது.

2. ஒரு ஹெட் மட்டும் சூடு: அந்த ஹெட்டின் நீர்ப்பாதையில் உப்பு அல்லது துருப் படிவு, உள்ளே காற்று தங்குதல், நீர்த்துளையை மறைக்கும் தவறான கேஸ்கெட், நாசில் பழுது. நாசில்தான் காரணமா என்று அறிய, மெக்கானிக் மூலம் அதைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி மீண்டும் அளக்கவும். சூடும் உடன் மாறினால் நாசிலைச் சரிசெய்தால் போதும். மாறாவிட்டால் நீர்ப்பாதையைப் பார்க்க வேண்டும்.

3. ஒரு ஹெட் மட்டும் குளிர்ச்சி: அந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை. இழுவை குறைந்து என்ஜின் அதிரும். டீசல் வரத்து, நாசில், கம்ப்ரஷன் ஆகியவற்றைச் சோதிக்கவும்.

4. ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி, ஆயில் பால் போல வெளுத்தல்: ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் பழுது. வண்டியை ஓட்டக் கூடாது.

தடுக்கும் வழிகள்

அரியலூர் சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி. இத்தகைய நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம் இருக்கும். சூடேறும்போது இவை ஹெட்டின் உட்புறம் ஓடாகப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். எனவே போர்வெல் நீரை ஊற்றாமல், கையேட்டில் குறித்த கூலன்ட்டை, காய்ச்சி வடித்த நீருடன் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து ஊற்றவும்.

சோள அறுவடைக் காலத்தில் தினமும் ரேடியேட்டர் வலையைச் சுத்தம் செய்யவும். காற்றை ஃபேன் பக்கமிருந்து முன்புறம் நோக்கி மெதுவாக அடிக்கவும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டுக் காயப்படுத்தும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

மேலும் ஆலோசனைக்கு அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். விதைப்புக்கு முன்பே ஒருமுறை அளந்து நோட்டில் குறித்து வைத்தால், பின்னர் வரும் மாற்றம் உடனே தெரியும்.